துப்பாக்கித் தாக்குதல்களும் பொது இடங்களின் முன்னாயத்தமும்: புத்தூர் முதல் பிளாக்ஸ்பர்க் வரை

பொது இடத்திலோ பணியிடத்திலோ கல்விக்கூடத்திலோ ஆயுதத்துடன் நுழையும் ஒருவர் அல்லது சிலர், கண்ணில் படுவோரையெல்லாம் சுட்டுக்கொண்டே போகும் நிகழ்வைத் தனி வகைத் தாக்குதலாகப் பார்க்கும் வழக்கம் ஏறக்குறைய அரை நூற்றாண்டாகத்தான் இருக்கிறது. பிற குற்றங்களிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது நேரம். உயிரிழப்பின் பெரும்பகுதி முதல் சில நிமிடங்களிலேயே நிகழ்ந்துவிடுகிறது. காவல்துறை எவ்வளவு விரைவாக வந்தாலும் அந்த நிமிடங்கள் அதற்குக் கிடைப்பதில்லை. அவை அங்கே ஏற்கெனவே இருக்கும் ஆசிரியர், செவிலியர், அறிவிப்பாளர், வாயிற்காவலர் போன்றோரின் கையில்தான் இருக்கின்றன. அவர்களுக்கு எந்தக் கதவு எங்கே திறக்கும் என்று தெரிந்திருந்ததா, மற்றவர்களை எச்சரிக்க ஒரு வழி இருந்ததா என்ற இரண்டு கேள்விகளைச் சுற்றியே இத்துறையின் வரலாறு நகர்ந்திருக்கிறது.

இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் துப்பாக்கி வைத்திருப்பதைக் கடுமையாகக் கட்டுப்படுத்துகிறது. எனவே அமெரிக்காவில் காண்பது போன்ற தனிமனிதத் துப்பாக்கிச் சூடுகள் இங்கே அரிது. தமிழ்நாட்டின் நினைவில் பதிந்திருப்பவையும் பெரும்பாலும் வெடிகுண்டுகளே: 1991-இல் ஸ்ரீபெரும்புதூர், 1998-இல் கோயம்புத்தூர். இருப்பினும் ஆயுதம் ஏந்தியவர்கள் குடியிருப்புத் தெருவில் இருந்தால் ஊர் என்ன செய்யும் என்ற கேள்வி, தமிழ்நாட்டின் வட எல்லைக்கு மிக அருகிலேயே ஒருமுறை எழுந்தது.

புத்தூர், 2013

திருத்தணியிலிருந்து நகரி வழியாகத் திருப்பதி செல்லும் சாலையில், மாநில எல்லையைத் தாண்டிச் சற்றுத் தொலைவில் இருக்கிறது புத்தூர். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் வைத்தியத்தால் 'புத்தூர்க் கட்டு' என்ற பெயரைத் தமிழ்நாடு முழுவதும் பரப்பிய ஊர் இது. திருத்தணி, கே.ஜி.கண்டிகை, பள்ளிப்பட்டு வட்டாரத்தில் கையோ காலோ முறிந்தவர்களுக்குப் புத்தூர் வெளிமாநிலம் அன்று. பேருந்து ஏறிப் போய்வரும் பக்கத்து ஊர்.

2013 அக்டோபர் 5 அன்று, தமிழ்நாட்டில் நடந்த கொலை வழக்குகளில் தேடப்பட்டு வந்தவர்கள் அங்கே ஒரு வீட்டில் தங்கியிருப்பதாகக் கிடைத்த தகவலின்பேரில், தமிழ்நாடு காவல்துறையின் சிறப்புப் புலனாய்வுப் பிரிவினர் அந்த வீட்டைச் சூழ்ந்தனர். உள்ளே நுழைய முயன்றபோது ஆய்வாளர் லட்சுமணன் வெட்டப்பட்டுப் படுகாயம் அடைந்தார். அதன்பின் அது பல மணிநேர முற்றுகையாக மாறியது. ஆந்திர மாநிலத்தின் 'ஆக்டோபஸ்' அதிரடிப்படையும் வந்து சேர்ந்தது. வீட்டிற்குள் ஒரு பெண்ணும் குழந்தைகளும் இருந்ததால் கண்மூடித்தனமாகச் சுட முடியாத நிலை. முடிவில் அவர்கள் வெளியே வந்தனர். தேடப்பட்ட இருவரும் பிடிபட்டனர். வீட்டிலிருந்து வெடிபொருட்கள் கைப்பற்றப்பட்டன.

இங்கே ஆய்வாளரைக் காயப்படுத்தியது துப்பாக்கி அன்று, அரிவாள் போன்ற ஆயுதம். தாக்குதல் தெருவுக்குப் பரவவும் இல்லை. ஆகவே இதைத் துப்பாக்கிதாரி நிகழ்வு என்று வகைப்படுத்த முடியாது. ஆனால் நெருக்கமான வீடுகள் உள்ள ஒரு தெருவில், காவலர் பணி செய்யும் அதே சுவருக்கு அடுத்த பக்கம் குடும்பங்கள் சமைத்துக்கொண்டிருக்கும் இடத்தில், ஆயுத மோதல் எப்படி இருக்கும் என்பதை இந்த வட்டாரம் அன்று நேரில் பார்த்தது. யார் தகவல் சொல்வது, எந்த மொழியில் சொல்வது, எந்தக் காவல் நிலையத்துக்கு அதிகாரம் என்ற கேள்விகள் எல்லாம் ஒரே நாளில் வந்து நின்றன.

அதிகாரக் கேள்வி இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று. திருத்தணி முன்பு கார்வேட்டிநகரம் ஜமீனைச் சேர்ந்தது. 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதனுள் சென்றது. ம.பொ.சிவஞானம், மங்கலங்கிழார் ஆகியோர் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்தின் விளைவாக, படாஸ்கர் பரிந்துரையின்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது; புத்தூரும் நகரியும் ஆந்திரத்திலேயே நின்றன. மக்களின் உறவு, சந்தை, கோயில், வைத்தியம் ஆகியவை அந்தக் கோட்டைக் கண்டுகொள்ளவில்லை. காவல் நிலைய எல்லை மட்டும் அங்கே முடிகிறது.

தலையாரியும் தண்டோராவும்

ஆயுதத் தாக்குதலை ஊரார் முதலில் எதிர்கொள்வது என்பது தமிழகத்தில் மிகப் பழைய ஏற்பாடு. தொண்டை மண்டலத்திலும் செங்கம் பகுதியிலும் கிடைத்துள்ள நடுகற்கள் பல, ஊர் மாடுகளைக் கவர வந்தவர்களோடு மோதி இறந்த உள்ளூர் வீரர்களுக்கு எடுக்கப்பட்டவை. அவர்களில் அரசனின் நிலைப்படையைச் சேராத ஊர்க்காரர்களும் உண்டு. தொல்காப்பியம் இத்தகைய மீட்பைக் கரந்தை என்று வகைப்படுத்துகிறது.

பிற்காலத்தில் இந்தப் பொறுப்பு காவல் முறையாக நிலைபெற்றது. ஊர்க்காவலர் விளைச்சலில் பங்கு பெற்றார்; களவு போனால் ஈடு கட்டினார். கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி இதைக் கலைத்து, 1816-ஆம் ஆண்டின் 11-ஆவது ஒழுங்குமுறைச் சட்டத்தின் மூலம் கிராம முன்சீப்பைக் கிராமக் காவலின் தலைவராக்கி, தலையாரி முதலியோரை அவருக்குக் கீழே வைத்தது. ஊரில் அந்நியர் யார் வந்தார், எந்தத் திண்ணையில் படுத்தார் என்பதைத் தெரிந்து வைத்திருப்பது தலையாரியின் வேலை. ஊருக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டுமானால் தண்டோரா. 1980-இல் தமிழ்நாடு அரசு பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளை ஒழித்துக் கிராம நிர்வாக அலுவலர் முறையைக் கொண்டுவந்தது. தலையாரி காலப்போக்கில் கிராம உதவியாளர் ஆனார். 2022-இல் தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தி, ஒலிபெருக்கியைப் பயன்படுத்துமாறு தமிழ்நாடு தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார்.

பழைய ஏற்பாட்டைப் பொற்காலம் போல் எண்ணிக்கொள்ள வேண்டியதில்லை. காவல் உரிமை சாதியோடு பிணைந்திருந்தது; காவல்காரரே கொள்ளைக்குத் துணைபோன புகார்களும் ஏராளம். தண்டோரா போடும் வேலை ஒடுக்கப்பட்டவர் தலையில் சுமத்தப்பட்டிருந்தது; அதை நிறுத்தியது சரியே. ஆனால் அந்த ஏற்பாட்டில் இருந்த இரண்டு செயல்பாடுகள் கவனிக்கத்தக்கவை. ஒன்று, வாசலைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். மற்றொன்று, ஊர் முழுவதும் கேட்கும் ஒரு குரல். இருபதாம் நூற்றாண்டின் கல்லூரிகளும் தொழிற்கூடங்களும் இரயில் நிலையங்களும் இந்த இரண்டும் இல்லாமலேயே கட்டப்பட்டன. அவை மீண்டும் தேவைப்பட்ட கதை முதலில் எழுதப்பட்டது அமெரிக்காவில். அந்தக் கதையில் கோபிசெட்டிபாளையத்துக்காரர் ஒருவரும் இருக்கிறார்.

நோரிஸ் ஹால், 2007

அமெரிக்கக் காவல்துறைகள் 1966 ஆகஸ்டு 1 அன்று டெக்சாஸ் பல்கலைக்கழகக் கோபுரத்திலிருந்து ஒருவர் சுட்டுப் பலரைக் கொன்ற பிறகு, இதற்கெனத் தனிப் பயிற்சி பெற்ற படைகளை உருவாக்கத் தொடங்கின. அதன் விளைவாக ஒரு பழக்கம் வேரூன்றியது: சாதாரணக் காவலர் இடத்தைச் சுற்றி வளைப்பார், சிறப்புப் படை வரும்வரை காத்திருப்பார். 1999 ஏப்ரல் 20 அன்று கொலம்பைன் உயர்நிலைப் பள்ளியில் அந்தப் பழக்கம் தோற்றது. காவலர்கள் வெளியே காத்திருக்க, உள்ளே காயமடைந்த ஓர் ஆசிரியர் மணிக்கணக்கில் இரத்தம் இழந்து இறந்தார். முதலில் வந்து சேரும் காவலரே உடனடியாக உள்ளே போக வேண்டும் என்ற விதி அதன்பிறகு வந்தது. (விதி வந்தால் போதாது என்பதற்கு 2022 மே 24 அன்று டெக்சாஸின் யுவால்டி தொடக்கப்பள்ளி சான்று. அங்கே காவலர்கள் ஒரு மணிநேரத்துக்கு மேல் தாழ்வாரத்தில் நின்றனர். 19 குழந்தைகளும் 2 ஆசிரியர்களும் இறந்தனர்.)

கொலம்பைன் காவலர்களுக்குக் கற்பித்தது என்றால், வர்ஜீனியா டெக் வகுப்பறையில் இருப்பவர்களுக்குக் கற்பித்தது.

ஜி.வி.லோகநாதன் ஈரோடு மாவட்டம் கோபிசெட்டிபாளையத்தை அடுத்த கரட்டடிபாளையத்தில் பிறந்தவர். பொறியியல் முடித்து, கான்பூர் ஐ.ஐ.டி.யிலும் பின்னர் பர்டியூ பல்கலைக்கழகத்திலும் படித்து, 1980-களின் தொடக்கத்திலிருந்து பிளாக்ஸ்பர்க் நகரில் உள்ள வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் நீரியல் கற்பித்து வந்தார். 2007 ஏப்ரல் 16 காலை, நோரிஸ் ஹால் கட்டிடத்தின் இரண்டாம் தளத்தில் 206-ஆம் எண் அறையில் அவர் வகுப்பு நடந்துகொண்டிருந்தது.

அன்று காலை ஏழேகால் மணியளவிலேயே வளாகத்தின் ஒரு விடுதியில் இருவர் சுடப்பட்டிருந்தனர். அது தனிப்பட்ட பகை, சுட்டவர் வளாகத்தை விட்டுப் போயிருப்பார் என்று கருதப்பட்டது. மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் முதல் மின்னஞ்சல் எச்சரிக்கை போனது 9.26 மணிக்கு. இடைப்பட்ட இரண்டு மணிநேரத்தில் ஆயிரக்கணக்கானோர் ஒன்றும் அறியாமல் வகுப்புகளுக்கு வந்துவிட்டனர். சுமார் 9.40 மணிக்கு நோரிஸ் ஹாலில் சுடும் ஓசை எழுந்தது. அதற்கு முன்பே, உள்ளிருந்து கட்டிடத்தின் முதன்மை வாயில் கதவுகள் சங்கிலியால் பூட்டப்பட்டிருந்தன. முதலில் தாக்கப்பட்டது 206. லோகநாதனும் அவருடைய மாணவர்கள் பலரும் அங்கேயே உயிரிழந்தனர்.

அதே தாழ்வாரத்தில் மற்ற அறைகளில் நடந்தவை பின்னர் பல நாடுகளில் பாடமாயின. 205-ஆம் அறையில் இருந்தவர்கள் ஓசை கேட்டதும் மேசையைக் கதவோடு சேர்த்துத் தள்ளி அழுத்திப் பிடித்துக்கொண்டனர். கதவின் வழியே குண்டுகள் பாய்ந்தும் அந்த அறையில் ஒருவரும் காயமடையவில்லை. 204-ஆம் அறையில் 76 வயதான பேராசிரியர் லிவியு லிப்ரெஸ்கு கதவைத் தாங்கி நின்றார், மாணவர்கள் சன்னல் வழியாகக் குதித்துத் தப்பினர், அவர் இறந்தார். ஒருமுறை தாக்கப்பட்ட 207-ஆம் அறையில் எஞ்சியவர்கள் கால்களால் கதவை அடைத்து, இரண்டாம் முறை அவர் நுழைய விடாமல் தடுத்தனர். 211-இல் கதவுக்கு முட்டுக்கொடுக்கும் முயற்சி பலிக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு நிமிடங்களில் அங்கே மட்டும் 30 பேர் இறந்தனர். அன்றைய மொத்தம் 32.

இந்த எண்களை வைத்துக்கொண்டு 206-இல் இருந்தவர்கள் ஏதோ செய்யத் தவறிவிட்டனர் என்று படிப்பது அநியாயம். முதலில் தாக்கப்பட்ட அறைக்கு எச்சரிக்கை என்ற ஒன்றே இல்லை. அடுத்த அறைக்கு 206-இன் ஓசையே எச்சரிக்கையாயிற்று. உள்ளிருந்து தாழிடக்கூடிய கதவும், விடிகாலையில் போயிருக்க வேண்டிய ஒரு குறுஞ்செய்தியும் அந்த அறையில் இருந்தவர்களுக்கு வாய்க்கவில்லை. மாநில அரசு அமைத்த ஆய்வுக் குழுவும் எச்சரிக்கை தாமதமானதைக் குறையாகவே பதிவு செய்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கைபேசிக் குறுஞ்செய்தி எச்சரிக்கை இதன்பிறகே பரவலாயிற்று. 2012-இல் ஹூஸ்டன் நகர நிர்வாகம் 'ஓடு, ஒளி, போராடு' என்ற வரிசையை ஒரு பயிற்சிப் படமாக வெளியிட்டது. பிரிட்டன் அதன் கடைசிச் சொல்லை மாற்றி 'ஓடு, ஒளி, சொல்' என்றது. ஆயுதமற்ற மக்களுக்குப் பிரிட்டன் தேர்ந்த சொல்லே பொருந்தும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

கதவை மூடியவர்கள், குரல் கொடுத்தவர்கள்

இந்தியாவில் இதே பாடம் வேறு வழியில் வந்தது. 2002 செப்டம்பர் 24 மாலை, குஜராத் காந்திநகரில் உள்ள அக்ஷர்தாம் கோயில் வளாகத்தில் இரண்டு துப்பாக்கிதாரிகள் நுழைந்து 30-க்கும் மேற்பட்டோரைக் கொன்றனர். அந்த எண்ணிக்கை இன்னும் பெருகாமல் தடுத்தவற்றுள் ஒன்று, கோயில் பணியாளர்கள் ஓடிச்சென்று மூலக்கோயிலின் பெரிய கதவுகளை அடைத்தது. தேசியப் பாதுகாப்புப் படை தில்லியிலிருந்து இரவில் வந்து, மறுநாள் காலையில்தான் மோதலை முடித்தது.

2005 டிசம்பர் 28 அன்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் டாடா அரங்கின் வாசலில், கருத்தரங்கு முடிந்து வெளியே வந்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. தில்லி ஐ.ஐ.டி.யின் ஓய்வுபெற்ற கணிதப் பேராசிரியர் எம்.சி.பூரி கொல்லப்பட்டார். யார் வேண்டுமானாலும் நடந்துபோகக்கூடிய மர நிழல் வளாகங்கள் என்ற நிலை, தென்னிந்தியக் கல்வி நிறுவனங்களில் அதன்பிறகு மெல்ல மாறத் தொடங்கியது.

பிறகு 2008 நவம்பர் 26. மும்பையில் பத்துப் பேர் பல இடங்களில் நடத்திய தாக்குதலில் 166 பேர் இறந்தனர். இரவு ஒன்பதரை மணியளவில் தொடங்கிய தாக்குதலுக்கு எதிராகத் தேசியப் பாதுகாப்புப் படை களமிறங்கியபோது பொழுது விடிந்துவிட்டிருந்தது. அந்த இரவை மும்பையின் சாதாரணக் காவலர்களும் பணியாளர்களும்தான் தாங்கினர்.

சத்ரபதி சிவாஜி இரயில் நிலையத்தில் அறிவிப்பாளர் விஷ்ணு ஜெண்டே தன் அறையிலிருந்து நிலைமையை உணர்ந்து, இந்தியிலும் மராத்தியிலும் திரும்பத் திரும்ப அறிவித்தார். தொலைதூர இரயில்களின் கூடம் இருக்கும் பக்கம் போக வேண்டாம், முதல் நடைமேடை வழியாக வெளியேறுங்கள் என்பதே அதன் சாரம். நிலையத்தில் 50-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆனால் புறநகர் இரயில்களில் வந்து இறங்கிக்கொண்டிருந்த கூட்டம் எதிர்த் திசையில் திரும்பியது. தினமும் 'வண்டி எண்…' என்று தொடங்கும் அதே குரல் என்பதால் மக்கள் அதை நம்பினர் என்று கருத இடமுண்டு.

அருகிலிருந்த காமா மருத்துவமனையில் செவிலியர் அஞ்சலி குல்தே, மகப்பேறு வார்டின் கதவுகளை அடைத்து, விளக்குகளை அணைத்து, 20 கர்ப்பிணிகளை உள்ளே இருந்த சிறிய அறைக்கு மாற்றினார். அன்றிரவே பிரசவ வலி கண்ட ஒருவருக்குக் குழந்தையும் பிறந்தது. தாஜ் ஓட்டலில் விருந்தினர்களைச் சமையலறை வழியாகவும் பணியாளர் தாழ்வாரங்கள் வழியாகவும் அழைத்துச் சென்றவர்கள் சமையல்காரர்களும் பரிமாறுபவர்களும்தான். அவர்களில் பலர் உயிரிழந்தனர். இவர்களில் யாருக்கும் துப்பாக்கிதாரியை எதிர்கொள்ளும் பயிற்சி அளிக்கப்பட்டிருக்கவில்லை. தங்கள் பணியிடத்தை அங்குலம் அங்குலமாக அறிந்திருந்தனர் என்பதே அவர்களிடம் இருந்தது.

குரலுக்கு மறுபக்கமும் உண்டு. தொலைக்காட்சிகளின் நேரலை, வெளியே இருந்து தாக்குதலை இயக்கியவர்களுக்குப் படைகளின் நகர்வைக் காட்டிக்கொடுத்தது. 2012-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம் இதைக் கடுமையாகச் சாடியது. பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கைகளை நேரலையாக ஒளிபரப்பத் தடை விதித்து 2015-இல் கேபிள் தொலைக்காட்சி விதிகள் திருத்தப்பட்டன. இன்று அந்தத் தடை தொலைக்காட்சிக்குத்தான். தெருவில் நிற்கும் ஒவ்வொருவர் கையிலும் கேமரா இருக்கிறது.

மும்பைக்குப் பின் தமிழ்நாடு

மும்பைத் தாக்குதலுக்குப் பின் மாற்றங்கள் விரைவாக வந்தன. 2008 டிசம்பரில் தேசியப் புலனாய்வு முகமைச் சட்டம் நிறைவேறியது. 2009-இல் தேசியப் பாதுகாப்புப் படையின் வட்டார மையங்கள் சென்னை, மும்பை, கொல்கத்தா, ஐதராபாத் நகரங்களில் அமைந்தன. அதே ஆண்டு சட்டத் திருத்தத்தின் வழியே மத்திய தொழில் பாதுகாப்புப் படை கட்டணம் பெற்றுத் தனியார் நிறுவனங்களையும் காக்க வழி பிறந்தது. தமிழ்நாட்டில் 1994-ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டிருந்த கடலோரப் பாதுகாப்புக் குழுமம் விரிவாக்கப்பட்டது. கடல்வழி ஊடுருவலைச் சோதிக்கும் 'சாகர் கவச்' ஒத்திகையில், தீவிரவாதி வேடமிட்ட காவலர்களைப் பல ஊர்களில் மீனவர்கள் அடையாளம் காட்டிய செய்திகள் நாளிதழ்களுக்குப் பழகிப்போயின.

கவனித்தால், இந்த ஏற்பாடுகளில் பெரும்பாலானவை வெளியிலிருந்து வரும் ஆயுதத்தை எதிர்பார்த்தவை. தமிழ்நாட்டில் பணியிடத் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தபோது ஆயுதம் உள்ளேயே இருந்தது. 2014 அக்டோபர் 8 அன்று, கல்பாக்கத்தில் அணுமின் நிலையப் பாதுகாப்பில் இருந்த மத்திய தொழில் பாதுகாப்புப் படையின் தலைமைக் காவலர் ஒருவர், தம் சக வீரர்கள் மூவரைச் சுட்டுக் கொன்றார். வேறு சிலர் காயமடைந்தனர். நாட்டின் மிகக் கடுமையான காவல் உள்ள இடங்களில் ஒன்று அது. எந்தச் சுற்றுச்சுவரும், எந்த மெட்டல் டிடெக்டரும் அங்கே பயன்படவில்லை. துப்பாக்கி அவருக்கு அரசு கொடுத்தது. 2023 ஜூலை 31 அன்று ஜெய்ப்பூரிலிருந்து மும்பை சென்ற இரயிலில், இரயில்வே பாதுகாப்புப் படைக் காவலர் ஒருவர் தம் மேலதிகாரியையும் மூன்று பயணிகளையும் சுட்டுக் கொன்றதும் இதே வகை.

ஆகவே பணியிட முன்னாயத்தம் என்றால் வாசலில் பையைச் சோதிப்பது மட்டும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. விடுப்பு மறுக்கப்பட்டவர், மேலதிகாரியோடு நாள்பட்ட பிணக்கு உள்ளவர், பேச்சு மாறிப்போனவர் ஆகியோரை முதலில் கவனிப்பவர் பக்கத்து இருக்கைக்காரர். தண்டனை பற்றிய பயம் இல்லாமல் அவர் யாரிடம் சொல்வது என்பதற்கு அலுவலகத்தில் ஒரு பதில் இருக்க வேண்டும். ஆயுதப் படைகளில் யாருக்கு எந்நேரத்தில் ஆயுதம் தரப்படுகிறது என்பதும் இதே கணக்கில் சேரும். ஆயுதம் தாங்கிய தனியார் காவலர்களை வாசலில் நிறுத்தும் வங்கிகளுக்கும் நகைக்கடைகளுக்கும் இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று.

பள்ளிகளும் ஒரு முரண்பாடும்

2014 டிசம்பர் 16 அன்று பெஷாவர் இராணுவப் பள்ளியில் நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகள் கொல்லப்பட்டதும், இந்திய உள்துறை அமைச்சகம் பள்ளிகளுக்கான வழிகாட்டு நெறிகளை மாநிலங்களுக்கு அனுப்பியது. சுற்றுச்சுவர், வாயிற்காவலர், தொலைபேசி, ஒலிபெருக்கி, ஒத்திகை என்று பட்டியல் நீண்டது. சுற்றுச்சுவர் இல்லாத அரசுப் பள்ளிகளும், ஒரு பக்கம் வயலும் மறுபக்கம் ஏரிக்கரையுமாக இருக்கும் ஊராட்சிப் பள்ளிகளும் அதை எப்படி நிறைவேற்றும் என்பது அந்தத் தாளில் இல்லை.

தமிழ்நாட்டுப் பள்ளிப் பாதுகாப்பின் மையத்தில் இருப்பது துப்பாக்கி அன்று, நெருப்பு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கூரைக் கொட்டகையில் பற்றிய தீயில் 94 குழந்தைகள் இறந்தனர். அவர்களை வெளியேற்றப் போதுமான வழி அங்கே இல்லை. கூரை வேய்ந்த வகுப்பறைகள் அகற்றப்பட்டதும், அகலமான படிக்கட்டு, மாற்று வழி ஆகியவை கட்டாயமானதும் அதன்பிறகே.

இங்கேதான் முரண்பாடு. தீ கதவுகள் திறந்திருக்கக் கோருகிறது. துப்பாக்கி கதவு உள்ளிருந்து தாழிடப்படக் கோருகிறது. இரண்டையும் ஒன்றாக நினைக்காத பள்ளி, ஒன்றைத் தடுக்கப் போய் மற்றொன்றுக்கு வழி வைத்துவிடும். பின்வாசலைப் 'பாதுகாப்புக்காக' நிரந்தரமாகப் பூட்டி, சாவியைத் தலைமையாசிரியர் மேசையில் வைப்பது எங்கும் காணும் வழக்கம். நோரிஸ் ஹாலில் சங்கிலி போட்டவர் செய்ததை நிர்வாகமே முன்கூட்டிச் செய்து கொடுப்பதற்கு இது சமம். உள்ளிருப்பவர் சாவியின்றித் திறக்கவும் தாழிடவும் கூடிய கதவுதான் இரண்டு ஆபத்துகளுக்கும் பொதுவான விடை. தச்சருக்கு அரை நாள் வேலை.

இந்தியத் தாக்குதல்கள் எந்நாளும் நேரக்கூடும் என்று குழந்தைகளை மிரட்டுவதும் தேவையில்லை. 2019-இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் ஓர் ஒத்திகையின்போது ஆசிரியர்களைச் சுவரோரம் மண்டியிட வைத்து, பிளாஸ்டிக் குண்டுகளால் சுட்டுக் காயப்படுத்தினர். அந்த வகை ஒத்திகைகள் பயத்தைத்தான் கற்பிக்கின்றன என்று அங்கேயே எதிர்ப்பு வலுத்தது. முன்கூட்டி அறிவித்து, அமைதியாக, எந்த வகுப்பு எந்த வழியாகப் போவது, எந்த அறையில் ஒளிவது என்று நடந்து பார்ப்பதே போதும். 2025 மே 7 அன்று நாடு முழுவதும் நடந்த குடிமைப் பாதுகாப்பு ஒத்திகை, தமிழ்நாட்டில் கல்பாக்கத்திலும் சென்னைத் துறைமுகத்திலும் நடந்தது. அது போர்க்கால ஏற்பாடு. சிற்றூர்ப் பள்ளிக்கும் சிறு ஆலைக்கும் அப்படி ஒரு நாள் இன்னும் வரவில்லை.

திருத்தணி மலைப்படிகள்

திருத்தணி முருகன் கோயிலுக்கு ஆண்டின் நாட்களைக் குறிக்கும் 365 படிகள். ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகளோடு இலட்சக்கணக்கில் திரள்வோர் ஒருபுறம். டிசம்பர் 31 இரவு நடக்கும் படித்திருவிழாவுக்குப் பாடிக்கொண்டே ஏறுவோர் மறுபுறம். இத்தகைய இடத்தில் துப்பாக்கியை விடப் பெரிய ஆபத்து, துப்பாக்கி என்ற வதந்தி. 2008 ஆகஸ்டு 3 அன்று இமாச்சலப் பிரதேசத்தின் நைனா தேவி மலைக்கோயிலில், நிலச்சரிவு என்று கிளம்பிய வதந்தியால் கூட்டம் கீழ்நோக்கி ஓடியதில் 140-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். நிலம் சரியவே இல்லை. கும்பகோணத்தில் 1992 மகாமகத்தின்போது நெரிசலில் இறந்தவர்களையும் தமிழகம் மறக்கவில்லை.

படிகளில் நிற்கும் கூட்டத்துக்கு 'ஓடு' என்ற அறிவுரை பொருந்தாது. மூலவரை நோக்கி ஏறும் வழி, இறங்கும் வழி, வாகனப் பாதை என மூன்றும் எங்கே பிரிகின்றன என்பதைக் கோயில் பணியாளரும் காவடிக் குழுவின் தலைவரும் அறிந்திருப்பதும், கூட்டத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று ஒலிபெருக்கியில் ஒரே குரல் பேசுவதும்தான் பொருந்தும். ஆடிக் கிருத்திகையில் தொலைந்த குழந்தைகளின் பெயரை இரவெல்லாம் வாசிக்கும் ஒலிபெருக்கி ஏற்கெனவே மக்களின் நம்பிக்கையைப் பெற்றது. மும்பையின் இரயில் நிலையத்தில் வேலை செய்ததும் அத்தகைய ஒரு குரல்தான். வருவோரில் பலர் ஆந்திரத்திலிருந்து வருவதால், அந்த அறிவிப்பு தமிழோடு தெலுங்கிலும் சொல்லப்பட வேண்டும். திருவிழா நாட்களில் அது ஏற்கெனவே நடக்கிறது. அவசர நேரத்துக்கான வாக்கியங்களை இரு மொழியிலும் முன்கூட்டி எழுதி அந்த மேசையில் ஒட்டி வைக்க ஒரு தாள் போதும்.

திருத்தணியிலிருந்து சோளிங்கர் செல்லும் வழியில் உள்ள கே.ஜி.கண்டிகை போன்ற ஊர்களில் நிலைமை வேறு. அங்கே கூட்டம் இல்லை. காவலர் வந்து சேரும் தூரம் இருக்கிறது. 112 என்ற எண்ணை அழைப்பவர், ஊரின் பெயரோடு எந்தத் தெரு, எந்தப் பள்ளி, அருகில் எந்தக் கோயில் என்று சொல்லத் தெரிந்திருந்தால் அந்தத் தூரம் சற்றுக் குறையும். கண்டிகை என்று முடியும் ஊர்கள் இந்த மாவட்டத்தில் பல. எந்தக் கண்டிகை என்று கட்டுப்பாட்டு அறை திருப்பிக் கேட்கும் நேரமும் அந்த முதல் நிமிடங்களிலிருந்துதான் கழிகிறது.